சிறிய சில்லறை வணிக நிறுவனத்தின் பங்கா, ஃபண்டா, ஊர்க் கடையில் கூட்டா? நீலகிரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

அருவங்காடு தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை நிலத்தில் ஒரு துண்டை விற்றவர், குன்னூரில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் தம்பதி. கையில் ஐந்து லட்சமோ பத்து லட்சமோ வைத்துக்கொண்டு இவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "டவுனில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது, எப்போது போனாலும் பில் போட வரிசை நிற்கிறது, அந்தக் கம்பெனி பங்குச் சந்தையிலும் இருக்கிறதாம், வாங்கலாமா?" கூடவே இன்னும் இரண்டு வழிகள் மனதில் ஓடும். ஒன்று, பலரின் பணத்தைச் சேர்த்துப் பல கம்பெனிகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட். இன்னொன்று, கடையைப் பெரிதாக்க மச்சான் பணம் கேட்கிறார், அவரோடு கூட்டுச் சேர்வது.

மூன்றும் சில்லறை வியாபாரத்தில் பணம் போடுவது போலத்தான் தெரியும். ஆனால் மூன்றிலும் நீங்கள் வாங்குவது வேறு வேறு பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் வாழ்ந்து மலையிலேயே சம்பாதிக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஃபண்டுதான் சரி. கணக்கு படிக்கும் பொறுமை உள்ளவர்கள் நேரடிப் பங்கில் கொஞ்சம் போடலாம். ஊர்க் கடைக் கூட்டு மற்ற இரண்டையும்விடப் பாதுகாப்பாகத் தெரிகிறது. ஆனால் ஆபத்து அதிகம் அதில்தான். ஏன் என்று கீழே பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

"எவ்வளவு லாபம் வரும்?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடிய ஐந்து விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்பதுதான் உபயோகம்.

வெளியே வர முடியுமா? மகள் கல்யாணத்துக்கோ கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கோ பணம் வேண்டும் என்றால், எத்தனை நாளில், எந்த விலைக்கு எடுக்க முடியும்?

கணக்கு கண்ணில் படுமா? தணிக்கை செய்த கணக்கு உங்கள் கைக்கு வருமா, அல்லது "நல்லாத்தான் போகுது" என்ற வாய்ச்சொல் மட்டுமா?

நஷ்டம் எங்கே போய் நிற்கும்? போட்ட பணத்தோடு முடியுமா, வீட்டுப் பத்திரம் வரை வருமா?

உங்கள் நேரம் எவ்வளவு போகும்? இதைச் செலவில் சேர்க்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் வருமானமும் முதலீடும் ஒரே கயிற்றில் தொங்குகின்றனவா? மலைக்காரர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையும், ஏப்ரல், மே சீசனும்தான் நம் ஊர்ப் பணப்புழக்கத்தைத் தீர்மானிக்கின்றன. 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் இருந்து சீசன் நாட்களில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. மலையின் தாங்கும் திறனுக்கு அது தேவைதான். ஆனால் லாட்ஜ், டாக்ஸி, தேயிலை, கடை என்று குடும்ப வருமானம் ஏற்கெனவே சீசனை நம்பியிருந்தால், சேமிப்பையும் அதே சீசனில் கொண்டுபோய்ப் போடலாமா என்று யோசிக்க வேண்டும்.

## வழி 1: சிறிய சில்லறை வணிக நிறுவனத்தின் பங்கு

இதில்தான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

கடை நன்றாக நடக்கிறதா, அந்தக் கடையை நடத்தும் கம்பெனி நன்றாக இருக்கிறதா, அந்தக் கம்பெனியின் பங்கு இன்றைய விலைக்கு வாங்கத் தக்கதா என்று இங்கே மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு. கூட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் தெரிந்துகொள்கிறார்.

நம் மலையின் பெயரையே தாங்கிய ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1905ல் முத்துசாமி முதலியார் இங்கே வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியதுதான் 'நீல்கிரிஸ்'. 1936ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கடை போட்டார்கள். பிறகு தென்னிந்தியாவில் சூப்பர் மார்க்கெட் என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றாக வளர்ந்தது. 2006ல் ஆக்டிஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2014ல் அது ஃப்யூச்சர் குழுமத்தின் ஃப்யூச்சர் கன்ஸ்யூமர் கைக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் குழுமமே கடனில் மூழ்கி, பிக் பஜார் நடத்திய ஃப்யூச்சர் ரீடெய்ல் 2022ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. நீல்கிரிஸ் ரொட்டியும் வெண்ணெயும் பிடித்துப்போய் ஃப்யூச்சர் கன்ஸ்யூமர் பங்கை வாங்கியவருக்கு, ரொட்டியின் தரம் எந்த விதத்திலும் கைகொடுக்கவில்லை. குழுமத்தின் கடன்தான் பங்கின் விலையைத் தீர்மானித்தது.

சுபிக்ஷாவும் அப்படித்தான். 1997ல் சென்னையில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். 2009 தொடக்கத்தில் சம்பளத்துக்கும் வாடகைக்கும் பணமில்லாமல் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. மக்கள் வராததால் அது விழவில்லை. கடை திறந்த வேகத்துக்குக் கைப்பணம் ஈடு கொடுக்கவில்லை.

மூன்றாவது கேள்வியான விலைக்கு டி-மார்ட்டைப் பாருங்கள். அதை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2021 அக்டோபரில் விலை 5,500 ரூபாயைத் தாண்டியது. 2022 மார்ச்சில் 284 ஆக இருந்த கடைகள் 2025 மார்ச்சில் 415 ஆயின, விற்பனையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் 2025 தொடக்கத்தில் பங்கு 4,000 ரூபாய்க்கும் கீழேதான் இருந்தது. கம்பெனியில் ஒரு குறையும் இல்லை. 2021ல் வாங்கியவர் வருங்கால வளர்ச்சிக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய, நேர்த்தியான நிறுவனத்திலேயே இப்படி என்றால், முப்பது கடை வைத்திருக்கும் சின்னக் கம்பெனியில் கொடுக்கும் விலை இன்னும் எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

### கணக்கில் எங்கே பார்ப்பது

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மேற்கு மாவட்டங்களில் ஜவுளியும் வீட்டுச் சாமானும் விற்கும் சங்கிலிக் கடை. ஊட்டியிலும் குன்னூரிலும் ஒவ்வொரு கிளை. தொகைகள் கோடி ரூபாயில்:

| | போன ஆண்டு | இந்த ஆண்டு |
|---|---|---|
| விற்பனை | 50 | 60 |
| விற்ற சரக்கின் அடக்கம் | 40 | 48 |
| நிகர லாபம் | 1.8 | 2.4 |
| ஆண்டு முடிவில் கையிருப்புச் சரக்கு | 13 | 20 |
| வசூலாக வேண்டிய பாக்கி | 2 | 6 |
| செயல்பாட்டில் வந்த பணம் | 0.9 | கழித்தல் 1.5 |

செய்தியில் "லாபம் 33 சதவீதம் உயர்வு" என்று வரும், பங்கும் ஏறும். ஆனால் விற்பனை 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது, சரக்கோ 54 சதவீதம் கூடியிருக்கிறது. அடக்க விலையில் கணக்குப் போட்டால், போன ஆண்டு 119 நாள் விற்பனைக்கான சரக்கு இருந்தது, இப்போது 152 நாளுக்குத் தேங்கி நிற்கிறது. ஜவுளியில் தேங்கிய சரக்கு என்றால் நாளைக்குப் பாதி விலைக்குத் தள்ளப்போகும் சரக்கு என்று பொருள். கணக்கில் மட்டும் முழு அடக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது வசூல் பாக்கி. கடைக்கு வருகிறவர் ரொக்கமோ ஜிபேயோ கொடுத்துவிட்டுத்தான் பையை எடுத்துக்கொண்டு போகிறார். அப்படியிருக்க, சில்லறைக் கடைக்கு 6 கோடி யார் பாக்கி வைத்தார்கள்? பெரும்பாலும் பதில் 'ஃபிரான்சைஸ்' கடைகள், அதாவது கம்பெனியின் பெயரில் வேறொருவர் நடத்தும் கடைகள். அவர்களுக்கு அனுப்பிய சரக்கையே விற்பனை என்று எழுதியிருப்பார்கள், வாடிக்கையாளர் இன்னும் வாங்கியிருக்க மாட்டார். ஒரு சிறிய சில்லறை நிறுவனத்தின் கணக்கில் ஒரே ஒரு வரியைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், நான் இந்த வரியைத்தான் பார்ப்பேன்.

கடைசி வரி மேலே இருப்பவற்றின் விளைவு. லாபம் 2.4 கோடி என்று காகிதம் சொல்கிறது, கல்லாவில் இருந்து 1.5 கோடி வெளியே போயிருக்கிறது. அந்த ஓட்டையைக் கடன் வாங்கி அடைப்பார்கள், அல்லது புதிதாகப் பங்கு வெளியிட்டு அடைப்பார்கள். இரண்டிலும் பழைய பங்குதாரருக்குத்தான் அடி.

இன்னொரு நுணுக்கம். ஜவுளிக் கடையில் செப்டம்பர் 30 அன்று தீபாவளிச் சரக்கு நிரம்பி வழியும், மார்ச் 31 அன்று அப்படி இருக்காது. ஆகவே செப்டம்பரைப் போன செப்டம்பரோடுதான் ஒப்பிட வேண்டும், மார்ச்சோடு அல்ல.

வாடகையையும் கவனியுங்கள். 2019 ஏப்ரலில் வந்த புதிய கணக்கு முறைப்படி, பெரிய சந்தையில் பட்டியலான கம்பெனிகள் நீண்ட காலக் குத்தகைக் கடைகளின் வாடகையை வாடகைச் செலவாகக் காட்டுவதில்லை. அது தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிடும். அதனால் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபம் ஊதிப்பெருத்துத் தெரியும். எஸ்.எம்.இ. சந்தையில், அதாவது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தனிச் சந்தையில், இருக்கும் கம்பெனிகளுக்கு இந்த முறை கட்டாயம் இல்லை. அங்கே பெரும்பாலும் வாடகை பழையபடி வாடகையாகவே நிற்கும். ஆகவே "பெரிய கம்பெனியின் லாப விகிதம் அவ்வளவு, நம்ம கம்பெனி இவ்வளவு" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது தப்புக் கணக்கில் முடியும்.

அந்த வாடகை யாருக்குப் போகிறது என்பதை ஆண்டறிக்கையில் 'தொடர்புடையவர்களுடன் செய்த பரிவர்த்தனை' என்ற பகுதியில் பார்க்கலாம். கட்டடம் முதலாளியின் மனைவி பெயரில், சரக்கு லாரி தம்பி பெயரில், மொத்தக் கொள்முதல் இன்னொரு குடும்பக் கம்பெனி வழியாக என்று இருந்தால், லாபம் உங்களிடம் வருவதற்கு முன்பே வடிந்துவிடும். முதலாளி தன் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா, தணிக்கையாளர் பாதியில் விலகினாரா என்பதையும் சந்தையின் இணையதளத்திலேயே தேடலாம். இந்த மூன்றில் எது இருந்தாலும் நான் அந்தப் பங்கைத் தொடமாட்டேன், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

### கடைக்குப் போய்ப் பார்ப்பது

கணக்கோடு நேரிலும் பார்க்கலாம். கோயம்புத்தூரிலோ மும்பையிலோ உட்கார்ந்திருப்பவருக்கு இல்லாத வசதி இது. ஆனால் மே மாதச் சனிக்கிழமை போகாதீர்கள், அன்று எல்லாக் கடையிலும் கூட்டம்தான். ஜூலையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். அலமாரியில் காலி இடங்களை மறைக்க ஒரே பொருளை அகலமாகப் பரப்பியிருக்கிறார்களா? பிஸ்கட், எண்ணெய் பாக்கெட்டுகளில் காலாவதித் தேதி நெருங்கிவிட்டதா? போன சீசன் ஸ்வெட்டர் ஈரத்தில் பூஞ்சை வாடையோடு இன்னும் தொங்குகிறதா? முடிந்தால் சரக்கு இறக்கவரும் லைன் ஆளிடம் பேச்சுக் கொடுங்கள். முப்பது நாள் கடன் கொடுத்துக்கொண்டிருந்த விநியோகஸ்தர் "கையில் காசு கொடுத்தால்தான் சரக்கு" என்று மாறியிருந்தால், ஆண்டறிக்கையில் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே செய்தி உங்களுக்கு வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. முப்பது கிளையில் ஒன்றைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். ஊட்டிக் கிளை கெட்டிருந்தால் அது சந்தேகப்பட ஒரு காரணம். நன்றாக இருந்தால் அதை வைத்து மட்டும் வாங்கிவிட முடியாது.

### மறைந்திருக்கும் செலவுகள்

சிறிய நிறுவனங்கள் பட்டியலாவதற்கென்று பி.எஸ்.இ.யும் என்.எஸ்.இ.யும் 2012ல் எஸ்.எம்.இ. தளங்களைத் தொடங்கின. அங்கே ஒரு பங்கு, பத்துப் பங்கு என்று வாங்க முடியாது, லாட் கணக்கில், அதாவது குறித்த எண்ணிக்கை கொண்ட கட்டுக் கட்டாகத்தான் வாங்கவும் விற்கவும் முடியும். 2025ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதிகளை இறுக்கியபோது, புதிய வெளியீட்டில் குறைந்தபட்ச விண்ணப்பம் இரண்டு லாட், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு மேல் என்று ஆனது. வெளியீட்டில் திரட்டும் பணத்தில் முதலாளியின் கடனை அடைக்கக் கூடாது என்ற விதியும் அப்போதுதான் வந்தது. நல்ல விதிகள்தான். ஆனால் ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கு இதன் பொருள் என்ன? ஒரே கம்பெனியில் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மாட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால், ஐந்து லட்சத்துக்கு எஸ்.எம்.இ. பங்கு பொருந்தவே பொருந்தாது. பெரிய சந்தையிலேயே பட்டியலான சிறிய சில்லறை நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விற்கும்போதுதான் உண்மையான வலி. கெட்ட செய்தி வந்த நாளில் சின்னப் பங்கு 'லோயர் சர்க்யூட்' போட்டு, அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதித்த எல்லையைத் தொட்டு, நின்றுவிடும், வாங்க ஆளே இருக்காது. தினம் 5 சதவீதமாக இறங்கிக்கொண்டே போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். சாதாரண நாளிலும் கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையே இரண்டு மூன்று சதவீதம் இடைவெளி இருக்கும். அது எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராத செலவு.

வரி: ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டு தாண்டினால், வருடத்துக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். நஷ்டம் வந்தால், வரிக் கணக்கைக் குறித்த தேதிக்குள் தாக்கல் செய்தவர்கள் அதை எட்டு ஆண்டுகள் வரை பிற்கால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். பலர் தாக்கல் செய்யாமல் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் "டிப்ஸ்". யாருக்கும் தெரியாத சின்னப் பங்கின் பெயர் உங்கள் ஃபோனுக்கு இலவசமாக வருகிறது என்றால், விற்க ஆள் தேடும் ஒருவர் ஏற்கெனவே அதைக் கையில் வைத்திருக்கிறார்.

### யாருக்குப் பொருந்தும்

மேலே அட்டவணையில் உள்ள ஆறு வரிகளை ஒவ்வொரு அரையாண்டும் உட்கார்ந்து படிப்பவருக்குப் பொருந்தும். ஐந்தாறு ஆண்டுகள் தொடத் தேவையில்லாத பணமாகவும் இருக்க வேண்டும். அந்த நிலையிலும் ஒரே கம்பெனியில் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சிறிதாகத் தொடங்கிப் பெரிதான கம்பெனிகளும் உண்டு. மதுரையின் தங்கமயில் ஜுவல்லரி 2010ல் 75 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது, அதைப் பிடித்து வைத்திருந்தவர்களுக்குப் பல மடங்கு கிடைத்தது. இடையில் பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காமல் இருந்ததையும் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமை உங்களிடம் உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

## வழி 2: மியூச்சுவல் ஃபண்ட்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே இதன் சிறப்பு.

ஸ்மால்கேப் ஃபண்ட் என்றால், சந்தை மதிப்பில் 251ஆவது இடத்திலிருந்து கீழே உள்ள கம்பெனிகளில் குறைந்தது 65 சதவீதம் போடும் ஃபண்ட். சில்லறை வணிக நிறுவனங்களும் அதில் இருக்கலாம், கூடவே மருந்து, இரசாயனம், வங்கி எல்லாம் வரும். ஒரு கம்பெனி மூழ்கினாலும் உங்களுக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான் போகும். இன்னும் எளிமை வேண்டும் என்றால் நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்ட், அதாவது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியலை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்.

இறங்காது என்று நினைத்துவிடாதீர்கள். 2018 ஜனவரியில் இருந்து 2020 மார்ச் வரை ஸ்மால்கேப் குறியீடுகள் பாதிக்கும் மேல் விழுந்தன. ஐந்து லட்சம் இரண்டே கால் லட்சமாகத் தெரியும் அந்த நாளில் எடுத்துவிடாமல் இருந்தவர்களுக்குத்தான் பிறகு வந்த ஏற்றம் கிடைத்தது.

மறைந்த செலவு தரகில் இருக்கிறது. 'ரெகுலர்' திட்டத்தில் வாங்கினால் விற்றுக்கொடுத்தவருக்கு ஆண்டுதோறும் கமிஷன் போகும், 2013 ஜனவரியில் வந்த 'டைரக்ட்' திட்டத்தில் போகாது. வித்தியாசம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் பத்தாண்டுகளில் 12 சதவீதத்தில் 15.5 லட்சம் ஆகும், 11 சதவீதத்தில் 14.2 லட்சம். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆனால் சந்தை விழும்போது "எடுக்காதீங்க அண்ணா, பொறுங்க" என்று சொல்லி நிறுத்தும் நல்ல விநியோகஸ்தர் உங்களுக்கு இருந்தால், அந்தப் பணம் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

விற்றால் சில வேலை நாளில் வங்கிக்கு வந்துவிடும். பெரும்பாலான பங்கு ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் ஒரு சதவீதம் வெளியேறும் கட்டணம் உண்டு. வரி நேரடிப் பங்குக்கு உள்ளதுதான். குறியீட்டு ஃபண்டுக்கு ஊட்டி சீசனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மலையில் சம்பாதிக்கிறவருக்கு இது பெரிய நிம்மதி.

## வழி 3: ஊர்க் கடையில் கூட்டு

இதில் மனிதர்களைத் தெரியும், கடை தெரியும், கல்லா தெரியும். நம்பிக்கை தானாக வரும். ஆனால் கணக்குப் போட்டால் என்ன வருகிறது? குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் சாக்லேட், வர்க்கி, தேயிலை, தைல எண்ணெய் விற்கும் கடை என்று ஒரு கற்பனை. மொத்த முதல் 15 லட்சம், அதில் உங்களுடையது 5 லட்சம்.

ஆண்டு விற்பனை 60 லட்சம். மொத்த லாபம் 22 சதவீதம் என்றால் 13.2 லட்சம். வாடகை மாதம் 30,000 வீதம் 3.6 லட்சம். இரண்டு ஆட்களுக்குத் தலா 14,000 வீதம் 3.36 லட்சம். கரண்ட், லாரி வாடகை, கழிவு, ஜி.எஸ்.டி. கணக்கருக்கு எல்லாம் சேர்த்து 1.5 லட்சம். காலையில் திறந்து இரவு மூடும் மச்சானுக்கு மாதம் 20,000 சம்பளமாவது போட வேண்டும், அது 2.4 லட்சம். மீதி 2.34 லட்சம். கூட்டு நிறுவனத்துக்கு வரி 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். வரி போக வரும் பங்குக்கு உங்களுக்குத் தனி வரி கிடையாது. உங்கள் மூன்றில் ஒரு பங்கு சுமார் 54,000. ஐந்து லட்சத்துக்குப் பதினோரு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே.

மோசமில்லை என்று தோன்றும். இப்போது ஒரு சீசன் சரியில்லை, விற்பனை 15 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். மொத்த லாபம் 11.22 லட்சமாக இறங்கும். வாடகையும் சம்பளமும் இறங்காது. மீதி 36,000 ரூபாய், அதுவும் மூன்று பங்காக. பதினைந்து சதவீத விற்பனைக் குறைவு லாபத்தில் 85 சதவீதத்தைத் தின்றுவிட்டது. மழையில் மேட்டுப்பாளையம் பாதை ஒரு வாரம் அடைபட்டாலே ஆண்டுக் கணக்கில் தெரியும். 2009 நவம்பர் நிலச்சரிவை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாதாமாதம் 8,000 தருகிறேன் என்று மச்சான் சொல்லலாம். அது ஆண்டுக்கு 96,000. லாபத்தில் உங்கள் பங்கு 54,000தான் என்றால் மீதி 42,000 உங்கள் முதலில் இருந்தே உங்களுக்குத் திரும்பி வருகிறது, அல்லது விநியோகஸ்தர் கடனில் இருந்து வருகிறது.

சட்டம் இன்னும் கடுமை. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுமையாகப் பொறுப்பு. மச்சான் நிறுவனத்தின் பெயரில் 20 லட்சம் சரக்குக் கடன் வைத்தால், கடன்காரர் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் என்றால், அது நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் பங்கைக் கேட்டு நீங்கள் வழக்குப் போடுவதற்கே தடை உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்தால் நிறுவனமே கலைந்துபோகும். 2008ல் வந்த சட்டப்படி வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாக, அதாவது எல்.எல்.பி.யாகப் பதிவு செய்தால் பொறுப்பு போட்ட பணத்தோடு நிற்கும். ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் செலவு கூடும், ஆனால் கட்டாயம் கொடுக்கத் தக்க செலவு.

நீங்களே கடையில் நிற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது அது உங்கள் தொழில், லாபத்தோடு சம்பளமும் உங்களுக்கே. இந்த வழி அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | சிறு நிறுவனப் பங்கு | ஃபண்ட் | ஊர்க் கடைக் கூட்டு |
|---|---|---|---|
| வெளியே வருவது | நல்ல நாளில் எளிது, கெட்ட நாளில் முடியாது | சில வேலை நாள் | வாங்க ஆள் கிடைக்கும் வரை இல்லை |
| கணக்கு | பொதுவில் உண்டு, நீங்கள் படிக்க வேண்டும் | தினசரி மதிப்பு, மாதப் பட்டியல் | கேட்டால்தான் வரும் |
| நஷ்டத்தின் எல்லை | போட்ட பணம் | போட்ட பணம் | எல்.எல்.பி. இல்லையென்றால் எல்லை இல்லை |
| நேரம் | அரையாண்டுக்குச் சில நாள் | மிகக் குறைவு | தினம் |
| சீசனோடு கட்டு | கிளைகள் எங்கே என்பதைப் பொறுத்தது | இல்லை | முழுக்க |

## எந்த நிலையில் எது

ஓய்வூதியம் குறைவாக உள்ள, அறுபது தாண்டியவர் என்றால் முதலில் இந்த மூன்றையும் தள்ளிவையுங்கள். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்ந்தது. ஒருவர் 30 லட்சம் வரை அதில் போடலாம். வங்கி வைப்பு என்றால் ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மாதச் செலவுக்கான பணம் அங்கே இருக்கட்டும். அதற்கு மேல் இருப்பதில்தான் குறியீட்டு ஃபண்ட்.

தேயிலை, சுற்றுலா வருமானக் குடும்பம் என்றால் ஃபண்ட், அதுவும் சீசன் மாதங்களில் மொத்தமாகவும் மற்ற மாதங்களில் கொஞ்சமாகவும். மூன்றாவது வழியைத் தொட வேண்டாம். மச்சானுக்கு உதவியே ஆக வேண்டும் என்றால் கூட்டாளியாகச் சேராமல் கடனாகக் கொடுங்கள். வங்கி வழியாக, கையெழுத்திட்ட பத்திரத்தோடு கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் கடன் வாங்கியவருக்கு விழும். புரோநோட்டாக இருந்தால் மூன்று ஆண்டுக் காலவரம்பு கடக்கும் முன் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

மாதச் சம்பளம் வெளியூர்க் கம்பெனியில் இருந்து வருகிற குன்னூர்த் தம்பதிக்கு மட்டும்தான் முதல் வழியைத் தயக்கமில்லாமல் சொல்வேன். வருமானம் மலையோடு கட்டுப்படவில்லை, வயதும் இருக்கிறது. பெரும்பகுதி ஃபண்டில் இருக்க, ஐம்பதாயிரத்தில் ஒரு சிறிய சில்லறை நிறுவனத்தின் பங்கை வாங்கிக் கணக்கு படிக்கப் பழகலாம்.

ஏற்கெனவே ஒரு நிறுவனம் கண்ணில் பட்டிருந்தால், செப்டம்பரில் முடியும் அரையாண்டுக் கணக்கு நவம்பர் 14க்குள் சந்தையின் இணையதளத்தில் வந்துவிடும். சரக்கு, வசூல் பாக்கி, செயல்பாட்டுப் பணவரத்து மூன்றையும் போன செப்டம்பர் எண்களோடு ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பங்கின் விலையை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.